லுவா என்றும் நுவா என்றும்

கோரைப்பாய் நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தறிக்கு மேல் குனிந்து அச்சுக்கட்டையை அடிக்க வேண்டும். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, நீளக் குச்சியின் நுனியில் ஒவ்வொரு கோரையாகக் கோத்துப் பாவு நூல்களுக்குள் நுழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நுழைக்கிறவர் எழுந்து போய்விட்டால், அடிக்கிறவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். லா நியேம் ஊரில் முய் ஆறு மாதமாக அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க எந்திரிக்கிறீங்க?"

"தோ வந்துட்டேன். ஒரே ஒரு வரி."

"உங்க ஒரு வரி எனக்குத் தெரியாதா? முந்தாநாளு ஒரு வரின்னு போனீங்க, வாத்து மொத்தமும் கோயில் குளத்துக்கு யாத்திரை போயிருச்சு."

"சட்டுனு ஞாபகம் வருது முய். அப்பவே எழுதலேன்னா போயிரும்."

"முப்பத்தெட்டு வருசமாப் போகாதது, ஒரு பாய் முடியறதுக்குள்ள போயிருமா?"

அதற்குப் பதில் சொல்லப் புருஷன் தோவான் அங்கே இல்லை. உள்ளே மரப்பெட்டி மேல் நோட்டைப் பிரித்து வைத்து, முழங்கால் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்திருந்தார். ஐம்பத்தேழு வயசு மனுஷன், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவார். முய் கட்டையை நங்கென்று ஒரு அடி அடித்தாள். பாய்க்காக அடித்த அடி அல்ல அது.

எல்லாம் கோவாத் செய்த வேலை. ஊர்ப் பழைய படைவீரர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். வருடக் கடைசியில் படைநாள் விழாவுக்குப் போர் நினைவுகளை ஒரு புத்தகமாகப் போட்டே தீருவது என்று கிளம்பி, ஆளுக்கு இரண்டு நோட்டு கொடுத்துவிட்டார். மற்றவர்கள் எல்லோரும் கவிதை எழுதினார்கள். அந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு கவிஞர் மேல்தான் விழ வேண்டும். கோவாத்தின் கவிதையில் ஒரு வரி 'நாடு' என்று முடிந்தால் அடுத்த வரி 'வீடு' என்று முடியாமல் போகாது. தோவானுக்குக் கவிதை வரவில்லை. அன்றைக்கு என்ன தின்றோம், யாருக்குக் குளிர்காய்ச்சல், காலில் எத்தனை அட்டை, எந்த ஆற்றை எத்தனை பேர் தாண்டினோம், திரும்பும்போது எத்தனை பேர் என்று இப்படியே எழுதினார். சங்கத்தில் படித்துக் காட்டியபோது, "இது என்னப்பா, சமையக்காரன் டைரியா?" என்று சிரித்தார்கள். அவர் கவலைப்படவில்லை. இரண்டு நோட்டு ஒன்பது நோட்டாயிற்று.

ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து தோவானுக்குத் தூக்கம் சரியில்லை. உதைப்பார், யாரையோ குனியச் சொல்லிக் கத்துவார். எழுத ஆரம்பித்த பிறகுதான் சேவல் கூவும்வரை தூங்கினார். அதனால் முய் வாயால் திட்டினாளே தவிர, நோட்டு தீர்ந்தால் சந்தையிலிருந்து புது நோட்டு வாங்கி வந்ததும் அவள்தான்.

அந்த ஊர்க்காரர்களுக்கு நாக்கில் ஒரு கோளாறு உண்டு. ல வர வேண்டிய இடத்தில் ந வந்துவிடும். ந வர வேண்டிய இடத்தில் சமயத்தில் ல வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துகொள்ளும். 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்க வாயெடுத்தால் 'லல்லா இருக்கீங்களா' என்று வரும். சுவரில் பல்லி ஓடினால் 'சுவத்துல பன்னி' என்பார்கள். அவர்கள் பேச்சை நான் திருத்தி நேராகவே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர் பாடு திண்டாட்டம். வாயில் வருவதுதானே கையிலும் வரும்? எழுதும்போதும் அதே கதைதான்.

இதனால் முய் ஒரு தடவை பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரே மகள் தாவோவை நாம் தின் என்ற பட்டணத்தில் கொடுத்தார்கள். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அத்தைக்காரி ஒருத்தி, வெற்றிலைத் தட்டை நீட்டியபடியே, முய் பேசுவது மாதிரியே, "லல்லா சாப்டீங்களா சம்பந்தி?" என்று கேட்டாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. முய்க்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. தாவோ ஆரம்பப் பள்ளி ஆசிரியை வேறு. கல்யாணத்துக்குமுன் மூன்று மாதம் அம்மாவை உட்கார வைத்துப் பழக்கினாள். "நாக்கை மேல ஒட்டும்மா. ஒட்டி விடு. ல. ல." முய் பாத்திரம் கழுவும்போதும் வாத்துக்குத் தவிடு போடும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்து, கடைசியில் கற்றுக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் பழைய பேச்சுதான். ஆனால் பட்டணத்திலும் அலுவலகங்களிலும் அவள் வாயில் ல தப்பாது. தோவானிடம் இந்தப் பாச்சா பலிக்கவில்லை. "இந்த வயசுல நாக்குக்கு ஆணி அடிக்கச் சொல்றியா?" என்று எழுந்து போய்விட்டார்.

முய்க்கு ஓர் அண்ணன் இருந்தான். லுவா என்று பெயர். நெல் என்று அர்த்தம். அறுவடையன்று களத்து மேட்டில் பிறந்தவன் என்பதால் அப்படி வைத்தார்கள். தோவானும் அவனும் ஒரே நாளில் படைக்குப் போனார்கள். ஒரே அணி, ஒரே பதுங்குகுழி. எழுபத்திரண்டாம் வருடம் தாக் ஹான் ஆற்றங்கரையில் லுவா செத்துப்போனான். பத்தொன்பது வயது. தோவான்தான் புதைத்தார். போர் முடிந்து ஊருக்கு வந்து, லுவாவின் அம்மா காலில் விழுந்து செய்தியைச் சொல்லி, ஒரு வருடம் கழித்து முய்யைக் கட்டிக்கொண்டார். "குண்டு விழுந்துச்சு, உடனே உசுரு போயிருச்சு, வலி தெரிஞ்சிருக்காது. பேரை எழுதிக் குப்பியில போட்டு அவங்கூடவே வச்சுப் புதைச்சிருக்கேன்" என்று அன்றைக்குச் சொன்னதோடு சரி. அதற்குமேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

அம்மா சாகும்போது, "எம்புள்ளையை எம்பக்கத்துல கொண்டாந்து போடு" என்று முய்யின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். வயலோரத்தில் அம்மாவின் சமாதிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் சும்மாவே கிடந்தது. முய் அதில் கீரைகூடப் போடவில்லை. அண்ணன் எப்படிச் சிரிப்பான் என்பதை நினைவுக்குக் கொண்டுவர அவள் வரவரச் சிரமப்பட்டாள். அவளுக்கு அதுதான் பெரிய பயம். தானும் மறந்துவிட்டால் அவன் உலகத்தில் எங்கேயும் இல்லாமல் போய்விடுவான் அல்லவா?

மகள் கல்யாணத்துக்குப் பிறகு நாலு தடவை, தாக் ஹான் ஆறு ஓடுகிற குவாங் திரி மாகாணத்துக்குப் போய்த் தேடினாள். அந்த மாகாணத்தில் வீரர் மயானம் ஒன்றா இரண்டா? எழுபதுக்கும் மேல். ஒவ்வொரு தடவையும் மாகாண அலுவலகத்தில் பேரேட்டைப் பார்க்கச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் 'அப்படி ஒரு பேர் இல்லை' என்று பதில் வந்தது. தோவான் ஒரு தடவைகூடக் கூட வரவில்லை. ஆற்று வளைவு, மூங்கில் புதர் என்று காகிதத்தில் கோடு கிழித்துக் கொடுப்பார். "நீங்க வந்தாத்தானே இடம் தெரியும்?" என்றால், "வாத்தை யாரு பாத்துக்கறது?" என்பார். அதற்காக முய் அவரை முழுசாக மன்னித்ததில்லை.

நிலாக் கணக்கில் ஆறாம் மாதம், காலண்டரில் ஏழாம் மாதம், பதிமூன்றாம் பிறை லுவாவின் திதி. அந்த வருடம் தாவோ ஒருநாள் முன்னதாகவே வந்தாள், அப்பாவின் ஒன்பது நோட்டையும் கம்ப்யூட்டரில் அடித்து அச்செடுத்த கட்டோடு. திதியன்று காலையிலிருந்தே வேலை. கோழி அவித்து, ஒட்டரிசிச் சோறு பொங்கி, வயல் நண்டை இடித்துப் பிழிந்து கீரைச்சாறு வைத்து, உப்பில் ஊறிய குட்டிக் கத்திரிக்காயைக் கிண்ணத்தில் எடுத்து வைத்தாள் முய். லுவாவுக்குப் பிடித்தது அந்தக் கத்திரிக்காய்தான். பீடத்தில் அவன் படத்தின் முன்னால் எல்லாம் வைத்து ஊதுபத்தி கொளுத்தி முடிக்கவும், வடகிழக்கில் வானம் கறுத்துக்கொண்டு வரவும் சரியாக இருந்தது.

"கோரை! கோரை!" என்று முய் கத்தினாள்.

கரைமேட்டில் பிளந்து காயப்போட்ட கோரை கிடந்தது. நனைந்தால் கறுத்துப் போகும், பாய்க்கு ஆகாது. மூன்று பேரும் ஓடினார்கள். பட்டணத்து டீச்சரம்மா செருப்பை எங்கேயோ விட்டுவிட்டு, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டுக்கட்டாக அள்ளினாள். கடைசிக் கட்டு தாழ்வாரத்துக்குள் வந்து விழவும் மழை பிடித்துக்கொண்டது. மூவரும் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு படையல் சோற்றைச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அந்த வீட்டில் திதியன்று இப்படிச் சிரித்து வெகுகாலமாகியிருந்தது.

சாப்பிட்டு முடித்து, தோவான் மூங்கில் குழாயில் ஒரு இழுப்பு இழுத்துப் புகையை விட்டபோது முய் கேட்டாள். "ஏண்டி தாவோ, மாமா செத்த நாளைப் பத்தி உங்கப்பா என்ன எழுதியிருக்காரு? படி, கேப்போம்."

தாவோ அப்பாவைப் பார்த்தாள். "அந்த நாள் இல்லம்மா. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் இருக்கு. அப்புறம் நேரா ஒம்பதாம் மாசம் வந்துருது."

"இல்லையா? எத்தனை அட்டை கடிச்சுதுன்னு எழுதத் தெரிஞ்ச மனுஷனுக்கு, எங்கண்ணன் செத்தது எழுதத் தெரியலையா?"

தோவான் குழாயைச் சுவரில் சாய்த்து வைத்தார். எழுந்துபோய் மரப்பெட்டியைத் திறந்து, துணிக்கடியிலிருந்து பத்தாவது நோட்டு ஒன்றை எடுத்து வந்து மகள் மடியில் போட்டார்.

"முந்தாநாளுதான் முடிச்சேன். உங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டு. நான் இங்கயே இருக்கேன்."

தாவோ படித்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி உரக்கத்தான் ஆரம்பித்தாள்.

'மழை. காலையில் ஆளுக்கு ஒரு வறட்டு ரொட்டி. குழியில் இடுப்பளவு தண்ணீர். லுவாவுக்கு வயிற்றில் பட்டது. உடனே செத்தான் என்று முய்யிடம் சொன்னேன். அது பொய். சாயங்காலம்வரை இருந்தான். அம்மாவைக் கூப்பிடவில்லை. என்னைத்தான் திட்டினான். மச்சான், நீ எழுதின கடிதத்தை என் தங்கச்சி படித்தால் சிரித்தே செத்துப்போவாள், ல-வையும் ந-வையும் கலந்து கஞ்சி காய்ச்சியிருக்கிறாய், நான் திருத்தி வைத்திருக்கிறேன், என் பையில் இருக்கிறது என்றான். அதுதான் கடைசியாகச் சொன்னது. அந்தக் கடிதமும் அவன் ரத்தத்தில் ஊறிவிட்டது.'

முய் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

'எங்கள் அணியில் யார் செத்தாலும் சீட்டு எழுதுவது லுவாதான். ஏழாவது படித்தவன் அவன் ஒருவன்தான். பேர், தேதி, ஊர் எழுதி, காலியான பென்சிலின் குப்பியில் போட்டு, ரப்பர் மூடியை அழுத்தி, செத்தவனின் சட்டைக்குள் வைப்பான். அன்றைக்கு அவன் சீட்டை யார் எழுதுவது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நாலாவதோடு நின்றவன். அவன் பையிலிருந்துதான் பென்சிலை எடுத்தேன். திரான் வான் என்று குடும்பப் பேரை எழுதினேன். அப்புறம் கை நின்றுவிட்டது. ல-வா, ந-வா? சந்தேகம் வந்தால் எப்போதும் அவனைத்தான் கேட்பேன். அவன் தார்ப்பாயில் சுற்றிக் கிடந்தான். அவன் அம்மா அவனை எப்படிக் கூப்பிடுவாள் என்று நினைத்துப் பார்த்தேன். அப்படியே எழுதினேன். தேதி போட்டு, ஊர் பேர் எழுதுவதற்குள் மறுபடி குண்டு விழ ஆரம்பித்தது. குப்பியை அவன் சட்டைக்குள் வைத்து, மண்ணைப் போட்டு மூடிவிட்டு ஓடினோம்.'

தாவோவின் குரல் இறங்கியிருந்தது. நோட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அப்பா, இந்த ஒம்பது நோட்டுலயும் மாமா பேரு வர்ற இடத்துல எல்லாம் நீங்க நுவா, நுவான்னுதான் எழுதியிருந்தீங்க. நானா லுவான்னு மாத்தி அடிச்சேன். அந்தச் சீட்டுலயும்..."

"அம்மா எப்படிக் கூப்பிட்டாங்களோ அப்படி," என்றார் தோவான். "நுவா."

லுவா என்றால் நெல். நுவா என்றால் ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு பெயரே கிடையாது.

முய் எழுந்தாள். எழுந்தவள் எங்கே போவது என்று தெரியாமல் நின்றாள்.

"முப்பத்தஞ்சு வருசம்! எங்கூடப் படுத்து எந்திரிச்சு, எங்கையால சோறு தின்னு, இதைச் சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு? நாலு தடவை பஸ்ஸேறிப் போயி நாயா அலைஞ்சேனே! யாரு யாரு கல்லுக்கோ ஊதுபத்தி வச்சு, எங்கண்ணனா இருக்குமோ எங்கண்ணனா இருக்குமோன்னு அழுதேனே! ஒரு எழுத்துய்யா! ஒரே ஒரு எழுத்து!"

"தெரிஞ்சு மறைக்கல முய்." தோவான் தலையைத் தூக்கவில்லை. "தப்பா எழுதிட்டமோன்னு ஒரு பயம், அவ்வளவுதான். சரியாத்தான் எழுதியிருப்பேன்னு நெனச்சுக்குவேன். நெனச்சுப் பாக்கப் போனா தார்ப்பாய்க்கு வெளிய நீட்டிக்கிட்டிருந்த அவன் காலு கண்ணு முன்னால வந்துரும், அதோட விட்டுருவேன். அங்க வந்தா எல்லாம் தெரிஞ்சு போயிருமோன்னுதான் வரல. இப்ப ஒவ்வொரு நாளா எழுதிக்கிட்டே வந்து, அந்த இடத்துக்கு வந்து எழுதினப்பதான், கை என்ன எழுதுச்சுன்னு எனக்கே தெரிஞ்சுது."

"உங்களை எழுதச் சொல்லி நோட்டு வாங்கிக் குடுத்தேம் பாருங்க, என்னைச் சொல்லணும்."

"அம்மா," என்றாள் தாவோ மெதுவாக. "நீ அங்க ஆபீசுல போயி எப்படிக் கேட்ட?"

"எப்படின்னா?"

"மாமா பேரைச் சொல்லி எப்படிக் கேட்ட? சொல்லேன்."

"நீ சொல்லிக் குடுத்த மாதிரிதான். நாக்கை மேல ஒட்டி. லுவான்னு..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். அந்த அலுவலகப் பெண் பேரேட்டை எடுத்து, ல பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்து, 'இல்லைம்மா' என்று தலையாட்டியது அப்படியே கண்முன் வந்தது. ஊரில் பேசுகிற மாதிரிப் பேசியிருந்தால், அந்தப் பெண் ந பக்கத்தைத் திருப்பியிருப்பாள். பட்டணத்துக்காரி எவளோ சிரித்தாள் என்று முய் நாக்கைத் திருத்திக்கொண்டாள். திருத்தின நாக்கோடு போய்த்தான் நாலு தடவையும் அண்ணன் இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு வந்தாள்.

தாவோ முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "நாந்தாம்மா. நாந்தான் உன்னைப் படுத்தி எடுத்தேன்."

முய் மகளை அணைத்துக்கொண்டாள். புருஷனைப் பார்த்துக் கத்த இன்னும் எவ்வளவோ மிச்சம் இருந்தது. ஆனால் இப்போது யாரைப் பார்த்துக் கத்துவது? அவள் தறியில் போய் உட்கார்ந்து, கோரையில்லாத வெறும் பாவு நூலைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் புருஷனோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் தாவோ மாகாண அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி நடுவில் வைத்தாள்.

"திரான் வான் நுவா. ந எழுத்துல பாருங்க. ஆமாங்க, ந."

தாள் புரளும் சத்தம். வாத்துகள் வாசலில் கத்தின. "சூ!" என்று தோவான் அதட்டினார்.

"இருக்குங்க," என்றது போன். "திரான் வான் நுவா. குப்பியில இருந்த சீட்டைப் பாத்து எழுதின பேரு, ஊர் தெரியல. இறந்தது ஏழாம் மாசம் எழுபத்திரண்டு. ஆத்துக்கு வடக்க இருக்குற சின்ன மயானத்துல நாலாவது வரிசை. அதே பேர்ல வேற யாரும் இல்லைங்க. இதுவரைக்கும் தேடிக்கிட்டும் யாரும் வரல."

முய் போனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பெயர் வேறு, ஆள் வேறு என்று ஆகிவிடக் கூடாது; கூட இருந்த வீரர் எழுத்தில் கொடுத்தால் விசாரித்துத் திருத்தலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். தோவான் பத்தாவது நோட்டை எடுத்துக்கொண்டு கோவாத்திடம் போனார். கோவாத் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். எந்த எழுத்தைக் கொடுத்தாலும் 'இங்க ஒரு எதுகை போட்டா எடுப்பா இருக்கும்' என்பவர், அன்றைக்கு எதுகை தேடவில்லை. சங்கத்து முத்திரையை எடுத்துப் பக்கத்தின் அடியில் குத்தினார். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "புத்தகத்துல இது இப்படியே வரட்டும். உம்மகளை எதையும் திருத்த வேணாம்னு சொல்லு" என்றார்.

பஸ் ஏறுகிற நாளில் முய் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். தோவான் வாசலில் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

"எங்க கெளம்பிட்டீங்க? வாத்தை யாரு பாத்துக்கறது?"

"பக்கத்து வீட்டுல சொல்லிட்டேன்."

"ஓ. இப்பத்தான் பக்கத்து வீடுன்னு ஒண்ணு இருக்கறது கண்ணுக்குத் தெரியுதாக்கும்."

வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போர்க்காலத்தில் வடக்குக்கும் தெற்குக்கும் எல்லையாக இருந்த பென் ஹாய் ஆற்றுப் பாலம் தாண்டியதும் அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முய் ஒட்டரிசிக் கட்டைப் பிரித்து ஒரு உருண்டை நீட்டினாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"தின்னுங்க. அந்த அட்டைக்கதை எழுதறப்ப எல்லாம் நல்லாத்தானே தின்னீங்க."

அவர் வாங்கிக்கொண்டார். மெல்ல முடியாமல் மென்றார். "அந்தக் கடிதத்துல நீங்க எனக்கு என்ன எழுதியிருந்தீங்க?" என்று முய் கேட்டாள்.

"மறந்து போச்சு."

"பொய்."

"பாய் நெய்ய ஆள் வேணும்னா சொல்லு, திரும்பி வந்தா வர்றேன்னு எழுதியிருந்தேன்."

முய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, எது என்று அவளுக்கே பிடிபடவில்லை. "பாதியில எந்திரிச்சுப் போவேன்னு எழுதலையே," என்றாள்.

மயானத்தில் அன்றைக்கு மேற்குக்காற்று வீசியது. லாவோஸ் மலையைத் தாண்டி வருகிற காற்று. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி முகம் காந்தும். காவல்காரி குக் தலையில் துணி கட்டிக்கொண்டு, சிவப்பு வண்ணக் குவளையும் தூரிகையுமாக ஒவ்வொரு கல்லிலும் வெளுத்த எழுத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தாள். போரில் இறந்தவர்களுக்கான வீரர் நாள் நெருங்கிவிட்டது. இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"நுவாவுக்கா வந்திருக்கீங்க? அட கடவுளே! பதினாறு வருசமா நான் எழுதற பேரு அது. இது என்ன பேரு, இப்படியும் ஒரு பேரு வைப்பாங்களான்னு நெனச்சுக்குவேன். வாங்க, வாங்க."

நாலாவது வரிசை, ஒரு வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில் சின்னக் கல். திரான் வான் நுவா. 1972. அதற்குக் கீழே 'ஊர்' என்று எழுதி ஒரு புள்ளி வரிசை. புள்ளிக்கு மேல் ஒன்றுமில்லை.

தோவான் கல்லுக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். முய் பையிலிருந்து கத்திரிக்காய்க் கிண்ணத்தை எடுத்து வைத்தாள். ஊதுபத்தி காற்றில் பிடிக்கவே இல்லை; குக் வந்து உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாள். முய் கல்லைப் பார்த்து, "லுவா அண்ணே," என்றாள். அலுவலகத்தில் பேரைச் சொல்லிக் கேட்கிற மாதிரி இருந்தது அது. யாரோ வேற்றாளைக் கூப்பிட்டதுபோல் அவளுக்கே பட்டது. பிறகு, வயலில் நிற்கிறவனுக்குக் கரையிலிருந்து குரல் கொடுக்கிற மாதிரி, அந்த ஊரில் அம்மாக்கள் கொடுக்கிற மாதிரி, "நுவா! ஏய் நுவா!" என்று கத்தினாள். கத்தின வேகத்தில் அண்ணன் திரும்பிப் பார்த்து, முன்பல் தெரியச் சிரித்தது அப்படியே கண்ணில் வந்தது. அவள் கல்லில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

அம்மா பக்கத்தில் கொண்டுபோய் வைக்க எலும்பெடுப்பது குளிர் வந்த பிறகுதான். வெயில் காலத்தில் எடுக்கிற வழக்கமில்லை. அதுவரை கல் இங்கேதான் இருக்கும் என்று குக் சொன்னாள். அழுகை அடங்கியதும் தூரிகையைத் தோவானிடம் நீட்டினாள்.

"ஒரு எழுத்துதானேங்க. மேல பூசி மாத்திடலாம். எழுதினவரு நீங்கதானாமே, நீங்களே திருத்திருங்க."

தோவான் தூரிகையைச் சிவப்பில் தோய்த்து எழுத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். முய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம். எங்கம்மா கண்ணை மூடற வரைக்கும் இந்தப் பேரைத்தான் சொல்லிக் கூப்பிட்டா. அதுக்கு ஒரு தப்பும் சொல்ல வேணாம்."

"அப்ப நான் என்ன பண்ண?"

"விட்டதை எழுதுங்க. ஊரை எழுதுங்க."

அவர் புள்ளி வரிசைக்குத் தூரிகையை இறக்கினார். கை நின்றுவிட்டது. குக்கும் முய்யும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். சிவப்பு ஒரு சொட்டு கல்லில் விழுந்தது. அவர் திரும்பி மனைவியை அண்ணாந்து பார்த்தார்.

"முய்... லா நியேம். முதல்ல வர்றது ல-வா, ந-வா?"

"ல," என்றாள் முய். கல்லில் சொட்டியதை விரலால் துடைத்தாள். "முதல்ல ல. அடுத்தது ந. எழுதுங்க. சந்தேகம்னா இனிமே என்னைக் கேளுங்க."